மாமா ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறார்?

அன்புள்ள ஒஹாயோ வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் முதல் வரியிலிருந்து 'மாமா, மாமா' என்றே எழுதியிருந்தீர்கள். வேலூர்ப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் யாரோ என்று நினைத்துக்கொண்டே படித்தேன். 1968இல் வியட்நாமில் லாங் பின் முகாமில் லாரி ஓட்டினவர் என்ற இடம் வந்ததும்தான் உங்கள் மாமனார் அமெரிக்கர் என்று புரிந்தது. அவருக்காக நீங்கள் தமிழில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதே சிக்கலில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால், உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு இதழிலேயே பதில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. மருத்துவமனை ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முன்னாள் ராணுவத்தினரின் கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுத்தே வயதானவன். எந்தத் தாள் பேசும், எது வாய் திறக்காது என்பது அப்படிப் பழகியதுதான்.

உங்கள் கேள்வி இது: "ஏஜென்ட் ஆரஞ்சு பட்டவர்களுக்குப் புராஸ்டேட் நோய்க்கு வி.ஏ. (அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறை) பணம் தருகிறதே, மாமாவுக்கு மட்டும் ஏன் மறுத்துவிட்டார்கள்?"

மாமாவுக்கு வந்திருப்பது அந்தப் புராஸ்டேட் நோய் இல்லை, அதனால்தான். சுரப்பி ஒன்று, நோய் இரண்டு. பெரிய நெல்லிக்காய் அளவில், சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. அதில் புற்றுநோய் வந்தால் சட்டம் ஒரு மாதிரி பேசும். வெறுமனே வீங்கினால் வேறு மாதிரி பேசும். 1962 முதல் 1971 வரை வியட்நாம் காடுகள்மேல் விமானத்திலிருந்து ஏஜென்ட் ஆரஞ்சு முதலான களைக்கொல்லிகளைத் தெளித்தார்கள். அதற்காக 1991இல் ஒரு சட்டம் வந்தது. அதன்கீழ் உருவான நோய்ப் பட்டியலில் 1996இல் புராஸ்டேட் புற்றுநோய் சேர்ந்தது. வியட்நாம் மண்ணில் கால் வைத்தவருக்கு அந்தப் புற்று வந்தால் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, அரசே அனுமானித்துக்கொள்ளும். வீக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் வருவது அது. பட்டாளத்துக்குப் போகாதவருக்கும் வரும். மறுத்த அதிகாரி மாமாவை அவமதித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வந்த விண்ணப்பத்துக்கு விதிப்படி பதில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் பலர் கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள், உங்கள் மாமாவைப் போல. ஆனால் பட்டியலில் இல்லை என்பதாலேயே கதவு மூடிவிடுவதில்லை. 1994இல் கோம்பி என்ற முன்னாள் வீரரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பட்டியலில் இல்லாத நோயானாலும், பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அவரவர் சான்று காட்டி நிரூபிக்கலாம். பட்டியல் ஒரு குறுக்குவழி. அந்த வழி இல்லையென்றால் நீண்ட வழியில் போக வேண்டியதுதான்.

அந்த நீண்ட வழிக்கு மூன்று கால். இப்போது நோய் இருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஏதோ நடந்திருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து ஒன்று வேண்டும். மறுப்புக் கடிதத்தில் 'காரணங்கள்' என்ற பகுதியைப் பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். இந்த மூன்றில் எது குறைகிறது என்று அங்கே எழுதியிருக்கும். கூடவே 'சாதகமான கண்டறிதல்கள்' என்று ஒரு பட்டியலும் இருக்கும். அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டதைப் பெரும்பாலும் மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மாமாவுக்கு நோய் இருப்பதையும் அவர் வியட்நாமில் இருந்ததையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இணைக்கும் கருத்துதான் இல்லை. அப்படியானால் மேல்முறையீட்டில் அந்த ஒரு காலை மட்டும் நட்டால் போதும். எத்தனையோ பேர் இது புரியாமல், போர்க்களத்தில் பட்ட பாட்டையெல்லாம் பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதை யாரும் மறுக்கவில்லையே!

இப்போது உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் எனக்குக் கண் நின்றது. மாமாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, அதற்கு ஏற்கெனவே 20 சதவீத ஊன மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள் என்று. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் 2001இல் சேர்ந்ததுதான். அதாவது மாமாவின் சர்க்கரை, பணியால் வந்தது என்று அரசு ஏற்றுக்கொண்ட நோய். பணியால் வந்த ஒரு நோய் இன்னொன்றை உண்டாக்கினாலும், ஏற்கெனவே இருந்ததை மோசமாக்கினாலும், அந்த இன்னொன்றுக்கும் ஈடு உண்டு. இரண்டாம் நிலைத் தொடர்பு என்பார்கள்.

பல வருஷம் உடம்பில் இருந்த சர்க்கரை, கால் நரம்புகளைக் கெடுப்பதுபோல் சிறுநீர்ப்பையின் நரம்புகளையும் கெடுக்கும். பை நிறைந்தது தெரியாது. முழுக்கக் காலியாகவும் செய்யாது. கீழே வீங்கிய சுரப்பி, மேலே சோர்ந்த பை. மாமா படுகிற அவதியில் எது எவ்வளவு என்று அவருடைய யூராலஜிஸ்ட் சொல்ல வேண்டும். சிறுநீர் போகும் வேகத்தையும், போன பிறகு பையில் தங்கும் அளவையும் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. அவை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். பிரித்துச் சொல்லவே முடியாது என்று மருத்துவர் எழுதினால் கவலைப்படாதீர்கள். எது எந்த நோயால் என்று பிரிக்க முடியாத அறிகுறிகளைப் பணியால் வந்த நோயின் கணக்கிலேயே வைக்க வேண்டும் என்று 1998இல் மிட்லைடர் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. மாமா விண்ணப்பத்தில் 'புராஸ்டேட்' என்று மட்டும் எழுதிவிட்டாரே என்று தயங்கவும் வேண்டாம். நோய்க்குச் சரியான பெயர் வைப்பது சாமானியன் வேலை இல்லை, அவன் சொல்லும் அறிகுறிகளைத்தான் பார்க்க வேண்டும் என்பது 2009இல் கிளெமன்ஸ் வழக்கில் சொல்லப்பட்டது. ஆனாலும் இந்த முறை எழுதும்போது 'சர்க்கரையால் வந்த சிறுநீர்ப்பைக் கோளாறு, அதனால் மோசமான புராஸ்டேட் வீக்கம்' என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. தீர்ப்பை நம்பி ஏன் வார்த்தையில் சிக்கனம் பிடிக்க வேண்டும்?

மருந்துப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள், சில ஒவ்வாமை மாத்திரைகள், ஓபியாய்டு வலிநிவாரணிகள் சிறுநீரை அடைக்கக்கூடியவை. பணியால் வந்ததாக ஏற்கப்பட்ட நோய் ஒன்றுக்கு அப்படி ஒரு மருந்தைச் சாப்பிட்டுவந்தால் அதுவும் ஓர் இணைப்புதான்.

மருத்துவரின் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று விஷயம் வேண்டும். மாமாவின் கோப்பைப் படித்ததாகச் சொல்ல வேண்டும். 'அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நாட்' என்ற சொற்கள் அப்படியே இருக்க வேண்டும். இல்லை என்பதற்கு எவ்வளவு வாய்ப்போ, ஆம் என்பதற்கும் குறைந்தது அவ்வளவு வாய்ப்பு என்று அர்த்தம். பிறகு ஏன் அப்படி நினைக்கிறார் என்ற காரணம். இந்தக் காரணப் பத்திதான் உயிர். 'இருக்கலாம்', 'வாய்ப்பை மறுப்பதற்கில்லை' என்று நல்ல மனசோடு எழுதப்பட்ட கடிதங்கள் ஒன்றுக்கும் உதவாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர்கள் இயல்பிலேயே அடக்கமாக எழுதுகிறவர்கள். இங்கே தேவைப்படுவது உறுதி இல்லை, பாதிக்குப் பாதி. அந்த அளவுகோலை அவரிடம் விளக்கிச் சொல்லிவிட்டால் பலர் தயங்காமல் எழுதுவார்கள். இரு பக்கச் சான்றும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே போக வேண்டும் என்பது சட்டம்.

இனி, சொல்லக் கூச்சமான விஷயம். தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

இணைப்பு ஏற்கப்பட்டாலும் எத்தனை சதவீதம் என்று ஒன்று உண்டே. புராஸ்டேட் வீக்கத்துக்கென்று தனிச் சதவீதம் கிடையாது. சிறுநீர் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் போடுகிறார்கள். இரவில் இரண்டு முறை எழுந்தால் 10. மூன்று நான்கு முறை என்றால் 20. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 40. பகலில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போகிறார் என்றும் பார்க்கலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 10, ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20, ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லையென்றால் 40. கசிவுக்குப் பேட் வைக்கிறவருக்கு வேறு கணக்கு. நாளுக்கு இரண்டுக்குள் மாற்றினால் 20, இரண்டிலிருந்து நான்கு என்றால் 40, நான்குக்கு மேல் 60. அடைப்பால் டியூப் போட வேண்டி வந்தால் 30.

வி.ஏ. பரிசோதனை அறையில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ராத்திரியில் எத்தனை முறை? அதற்கு நம் ஆண்கள் சொல்லும் பதில் இருக்கிறதே! எங்கள் தெருவில் பழைய கடற்படைக்காரர் ஒருவர் இருந்தார். பரிசோதனைக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். பின்சீட்டில் அவர் மனைவி. உள்ளே போனவர் கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். என்ன கேட்டார்கள் என்றேன். "எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார், நன்றாக இருக்கிறேன் என்றேன். ராத்திரி எழுந்திருப்பீர்களா என்றார், ஒன்றிரண்டு தடவை என்றேன்." பின்சீட்டிலிருந்து அந்த அம்மாள் ஒரு சத்தம் எழுப்பினார். சிரிப்பா கோபமா தெரியவில்லை. "நேற்று ஆறு தடவை," என்றார். "நான்தானே விளக்கைப் போட்டேன்." அவர் பொய் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஓர் இளம்பெண் கணினியில் தட்டிக்கொண்டே கேட்கும்போது, எண்பதை நெருங்கும் மனிதர் தன் மூத்திரக் கணக்கைச் சுருக்கித்தான் சொல்வார். அந்தச் சுருக்கம் நேராகப் படிவத்துக்குப் போய்விடும். படிவத்திலிருந்து சதவீதத்துக்கு.

ஆகவே உங்கள் வீட்டில் முக்கியமான சாட்சி மாமா இல்லை, உங்கள் மாமியார். ஐம்பது வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறவர். குடும்பத்தார் கண்ணால் கண்டதை எழுதித் தர 21-10210 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் அவர் நோயைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். காரணம் சொல்லவே வேண்டாம், அது மருத்துவர் வேலை. எழுந்திருக்கும் எண்ணிக்கை, எப்போதிலிருந்து என்பது, காரில் போகும்போது எத்தனை இடத்தில் நிறுத்துகிறார்கள், பேரப்பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சியில் கடைசி வரிசை ஓரத்தில்தான் உட்காருவார் என்பது, மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் எப்போது வந்தது என்பது. இவை போதும். உங்களிடம் சொல்ல அவர் கூச்சப்படலாம். மருமகளிடம் மாமனாரின் இந்தக் கணக்கை எந்த ஊரிலும் யாரும் உடனே சொல்லிவிட மாட்டார்கள். உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுக்களைக்குப் போய்விடுங்கள்.

சதவீதக் கூட்டல் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே 20ம் 20ம் சேர்ந்தால் 36. முதல் இருபதைக் கழித்து மீதி எண்பதில்தான் அடுத்த இருபது. பிறகு பக்கத்துப் பத்துக்கு உருட்டி 40 ஆக்குவார்கள். ஆனால் 40ம் 20ம் சேர்ந்தால் 52, உருட்டினால் 50. நம் ஊர் வாய்ப்பாட்டோடு போனால் ஏமாற்றமாக இருக்கும். 30ஐத் தொட்டுவிட்டால் மனைவிக்கும் சேர்த்துத் தொகை கூடும் என்பதால் இந்தப் படி முக்கியமானது.

மேல்முறையீட்டு வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று பாதை. புதிய சான்று இருந்தால் துணை விண்ணப்பம், படிவம் 20-0995. பழைய சான்றையே மூத்த அதிகாரி ஒருவர் மறுபடி பார்க்க வேண்டுமென்றால் உயர்நிலை மறுஆய்வு, 20-0996. அதில் புதிய தாள் ஒன்றுகூடச் சேர்க்க முடியாது, தொலைபேசியில் ஒருமுறை பேசலாம். மூன்றாவது, மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போவது. அது காத்திருப்பு நீளமான பாதை. மாமாவுக்கு முதல் பாதைதான். கையில் மருத்துவர் கடிதமும் மாமியார் சாட்சியமும் புதிதாக வரப்போகும்போது, அவற்றைப் பார்க்கவே கூடாத இரண்டாவது பாதையில் ஏன் போக வேண்டும்? மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டால், ஜெயித்த பிறகு பணம் பழைய விண்ணப்பத் தேதியிலிருந்தே கணக்காகக்கூடும். ஒரு நாள் தாண்டினாலும் துணை விண்ணப்பம் போடலாம்தான், ஆனால் அந்தப் பழைய தேதி போய்விடும்.

மாமா 'என் ரெக்கார்டெல்லாம் செயின்ட் லூயிஸ் தீயில் எரிந்துபோச்சு' என்கிறாராமே. அங்கே ராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12இல் தீப்பிடித்தது உண்மை. கோடிக்கு மேற்பட்ட கோப்புகள் போயின. ஆனால் அதில் எரிந்த தரைப்படைக் கோப்புகள் 1960க்கு முன்னால் பணியிலிருந்து வெளியே வந்தவர்களுடையவை. மாமா வெளியே வந்தது 1970இல். அவர் கோப்பு எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கும். 20-10206 படிவத்தில் நகல் கேளுங்கள். பணிக்கால மருத்துவக் குறிப்பில் சிறுநீர்த் தொற்று, எரிச்சல் என்று ஒரு வரி இருந்தாலும் அது தங்கம். வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அதற்காக மற்ற வேலைகளை நிறுத்தி வைக்காதீர்கள்.

யாரிடம் போவது? உங்கள் மாநிலத்தில் 88 கவுண்டிகளிலும் முன்னாள் வீரர் சேவை அலுவலகம் உண்டு. காசு வாங்க மாட்டார்கள். அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. போன்ற முன்னாள் வீரர் சங்கங்களின் ஆட்களும் இலவசமாகவே செய்வார்கள். 'உங்கள் சதவீதத்தை உயர்த்தித் தருகிறோம், வரும் தொகையில் ஆறு மாசத்து அளவு கொடுத்தால் போதும்' என்று தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அங்கீகாரம் பெற்ற வக்கீல்கள்கூட முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் வாங்கலாம். பின்பணத்தில் 20 சதவீதம் வரை நியாயம் என்று விதியே சொல்கிறது. மாமாவின் விஷயம் இப்போதைக்கு வக்கீல் வரை போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் நீங்கள் கேட்காதவை.

ஓரத்தில் 'பிளட் பிரஷரும் உண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான பாக்ட் சட்டத்தில் வியட்நாம் வீரர்களின் உயர் ரத்த அழுத்தமும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதற்கு மாமா மனுப் போட்டிருக்கிறாரா?

அடுத்தது, மாமா புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சில மாதங்கள் சாப்பிட்டபின் அந்த மாத்திரை, புராஸ்டேட்டுக்காக ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். மூன்று என்று வந்தால் உண்மையில் ஆறாக இருக்கலாம். புதிதாகப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும். பி.எஸ்.ஏ. கூடியிருப்பது மட்டும் ஈடு பெறும் நோயாகாது, அது வெறும் ஆய்வக எண். ஆனால் அது பயாப்ஸி வரை போய், வேண்டாம், அப்படி ஆக வேண்டாம், ஒருவேளை புற்று என்று வந்தால், அன்றைக்கே புது விண்ணப்பம் போடுங்கள். இந்த மேல்முறையீடு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அதற்காகக் காத்திருக்காதீர்கள். அது பட்டியலில் உள்ள நோய். இணைப்புக் கடிதம் தேவையில்லை. சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க 100 சதவீதம். முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு பரிசோதனை வைத்து, மிச்சமிருக்கும் அவதிக்கேற்ப மாற்றுவார்கள்.

நாலு பக்கம் எழுதினீர்கள், ஆனால் மறுப்புக் கடிதத்தின் மேலே இருக்கும் தேதியை மட்டும் எழுதவில்லை. மற்றதெல்லாம் மெதுவாக ஆகட்டும், அந்தத் தேதியை உடனே பார்த்து எழுதுங்கள். இன்றிரவே மாமியாரின் கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை மாமா எழும்போதும் ஒரு கோடு, காலையில் பக்கத்தில் தேதி. கூடவே பென்சில் வையுங்கள். பேனா என்றால் இருட்டில் மூடியைத் தேட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தவன்